பெண் கொடுத்த ஊரின் பேஸ்போல் அணி

மிசிசாகாவில் பிஸ்கற் செய்யும் தொழிற்சாலை ஒன்றின் அலுவலகத்தில் பதினெட்டு வருடமாகச் சம்பளப் பட்டியல் போடுகிறேன். யார் எத்தனை மணிநேரம் வேலை செய்தார், யாருக்கு ஓவர்ரைம், யாருக்கு எவ்வளவு வரி வெட்டுவது என்பதெல்லாம் என் பாடு. எங்கள் ஆட்கள் இதைச் சுருக்கமாக ‘பேறோல்’ என்பார்கள். பேறோலில் இருக்கிறவளுக்குக் கல்யாண மண்டபத்தில் நிம்மதியாகச் சாப்பிட விதியில்லை. கோப்பையில் சோறு ஆறிக்கொண்டிருக்கும். பக்கத்துக் கதிரையில் யாராவது வந்து குந்தி, "பிள்ளை, எனக்கு ரக்ஸ் கூட வெட்டிப்போட்டாங்கள் போல கிடக்கு" என்று தொடங்குவார்கள்.

ஸ்காபரோவில் ஒரு கல்யாணத்தில் பஸ் அண்ணை என்னைத் தேடி வந்தபோதும் அப்படித்தான் நினைத்தேன். பஸ் அண்ணை எங்கள் ஊர்க்காரர், நகரத்துப் பஸ் ஓட்டுகிறவர். எங்கள் ஊர்ப் பேஸ்போல் அணிக்கு மனேஜரும் அவர்தான், முதலாம் பேஸில் நிற்கிறவரும் அவர்தான், தண்ணீர்ப் போத்தல் சுமந்து வருகிறவரும் அவர்தான்.

"தங்கச்சி, நீ பேறோலில வேலை செய்யிறனியாம்," என்றார்.

"ஓம் அண்ணை."

"அப்ப எங்கட ரீமுக்கும் ஒருக்காப் பேறோல் பார்க்க வேணும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் அணியில் ஒருவருக்கும் ஒரு சதம் சம்பளம் கிடையாது. போன வருடம் தோற்ற பிறகு குடித்த கோப்பிக்குக்கூட அவரவர்தான் காசு கொடுத்தார்கள்.

"உது சம்பளமில்லைத் தங்கச்சி, புள்ளி. பஸ்ஸில ஆரோ விட்டிட்டுப் போன பேப்பரில வாசிச்சனான். பெரிய ரீமுகள் காசைக் கொட்டி ஆள் எடுக்குமாம். சின்ன ரீம் வெல்ல வேணுமெண்டால் பேறோலை மூளையாப் பாவிக்க வேணுமாம். எங்கட ஊரில பேறோல் படிச்ச ஆள் நீ ஒருத்திதானே?"

சீப்பில் பல் உடைந்ததென்று பல் வைத்தியரிடம் கொண்டுபோகிற மாதிரித்தான் இது. ஆனால் மனிதர் அவ்வளவு நம்பிக்கையோடு நின்றார். நான் சரி என்றேன். சொன்ன வாய் மூடமுதல் சட்டைப் பையிலிருந்து நான்காய் மடித்த லீக் விதிக் கடதாசியை எடுத்து என் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்.

லீக்கைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது விளங்கும். நாட்டில் நாங்கள் விட்டுவந்த எட்டு ஊர்களுக்கு ரொறன்ரோவில் இருக்கும் சங்கங்கள் கோடையில் சனிக்கிழமைதோறும் வோபர்ன் பக்கத்துப் பூங்கா ஒன்றில் மோதுகின்றன. முந்தி கிரிக்கெட்தான். இங்கே பிறந்த பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் பேஸ்போல் பழகிவிட்டு வந்து கிரிக்கெட்டுக்கு மாட்டோம் என்றதும் தகப்பன்மார் இறங்கிவந்தார்கள். பந்து உண்மையான பேஸ்போல் பந்தைவிடக் கொஞ்சம் பெரிது, கொஞ்சம் மெது. ஆனால் அதைச் சுட்டிக் காட்டினால் எங்கள் ஆட்கள் கோபிப்பார்கள்.

பெரிய ஊர்களுக்கு இந்த நகரத்தில் நூற்றுக்கணக்கில் குடும்பங்கள். எங்கள் ஊர்க்காரரை முழுக்க ஒரே பஸ்ஸில் ஏற்றி பஸ் அண்ணையே ஓட்டிக்கொண்டு போகலாம், பின் சீற்றில் இடமும் மிஞ்சும். இந்த ஏற்றத்தாழ்வைச் சமாளிக்க லீக் கமிற்றி ஒரு விதி வைத்திருந்தது. ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் திறமையைப் பார்த்து ஒன்றிலிருந்து ஐந்து வரை புள்ளி. மைதானத்தில் இறங்கும் ஒன்பது பேரின் புள்ளியும் சேர்த்து இருபதைத் தாண்டக்கூடாது. ஐந்து புள்ளிக்காரரை மட்டும் அள்ளிப் போட்டு யாரும் விளையாட முடியாது.

விதி நல்ல விதிதான். இருந்தும் எங்கள் ஊர் இரண்டு வருடமாகக் கடைசி. மூன்றாம் முறையும் கடைசி வந்தால் எங்கள் அணியைப் பக்கத்துப் பெரிய ஊர் அணியோடு சேர்த்துவிடுவதாகக் கமிற்றி முடிவெடுத்திருந்தது. ஊர்ப் பெயர் பட்டியலிலிருந்து போய்விடும்.

பஸ் அண்ணை இதைச் சொன்னபோது எனக்கு மூக்கின்மேல் கோபம் வந்தது. காரணம் உண்டு. அந்தப் பக்கத்துப் பெரிய ஊர் என் கணவரின் ஊர். கல்யாணம் முடித்த அடுத்த மாதமே சங்கக்காரர் என் பெயரை எங்கள் ஊர்த் தொலைபேசிப் புத்தகத்திலிருந்து எடுத்து, அவருடைய ஊர்ப் புத்தகத்தில் அவர் பெயருக்குக் கீழே ‘மற்றும் திருமதி’ என்று போட்டுவிட்டார்கள். என்னை ஒருவரும் கேட்கவில்லை. நான் ஏற்கெனவே ஒருமுறை சேர்க்கப்பட்டவள். ஊருக்கும் அதே கதியா?

அடுத்த ஞாயிறு மத்தியானம் அஜக்ஸில் எங்கள் சாப்பாட்டு மேசையில் கடதாசிகளைப் பரப்பிக்கொண்டு இருந்தேன். கணவர் எதிரே இருந்து தேத்தண்ணி குடித்தார். அவர் தன் ஊர் அணிக்கு ஸ்கோர் எழுதுகிறவர். இரண்டு பென்சில், ஒரு அழிறப்பர், கட்டம் போட்ட கொப்பி. பிழை விடமாட்டார், பொய் எழுதமாட்டார். எங்கள் இருவருக்கும் பொருந்திய பொருத்தம் அது ஒன்றுதான் என்று பிள்ளைகள் பகிடி பண்ணுவார்கள்.

"இஞ்சரும், எதிர்க்கட்சி வேலையை என்ர மேசையிலேயே செய்யிறீரோ?"

"மேசை வாங்கின காசில பாதி என்ர. உங்கட பாதியில கோப்பையை வையுங்கோ."

தொழிற்சாலையில் நான் கற்றது இதுதான்: வாய் பெரிய தொழிலாளியைப் பட்டியல் காட்டிக்கொடுக்கும். ‘நானில்லாட்டி இந்த லைனே ஓடாது’ என்று சொல்பவர் மாதத்தில் எத்தனை நாள் வந்தார் என்பது என்னிடம் இருக்கும். எங்கள் அணியிலும் அப்படி ஒருவர் இருந்தார். வீடு வாங்கி விற்கும் ஏஜென்ற். அவருடைய முகம் ஸ்காபரோவில் பாதி பஸ் நிறுத்த வாங்குகளில் விளம்பரமாக ஒட்டியிருந்து சிரித்துக்கொண்டிருக்கும். ஐந்து புள்ளி. அடித்தால் பந்து வீதியைத் தாண்டும். பஸ் அண்ணை தந்த எங்கள் அணியின் ஸ்கோர்க் கொப்பியைப் பார்த்தால், போன வருடம் பன்னிரண்டு ஆட்டத்தில் ஐந்துக்குத்தான் வந்திருந்தார், மற்றச் சனிக்கிழமைகளில் யாருக்கோ வீடு காட்டப் போய்விட்டார். வந்த ஆட்டங்களிலும் பந்து எப்போதாவதுதான் வீதியைத் தாண்டியது, மற்ற நேரமெல்லாம் மட்டையைக் காற்றில் சுழற்றி அவுட்.

இரண்டாவதாக நான் கண்டது ‘வோக்’. பந்தெறிகிறவர் சரியான இடத்துக்கு எறிந்தால் அது ஸ்ரைக், மூன்று ஸ்ரைக் ஆனால் ஆள் அவுட். ஆனால் வெளியே விலகிப்போகும் பந்தை மட்டையால் தொடாமல் நாலு முறை விட்டுவிட்டால், அடிக்காமலே முதலாம் பேஸுக்கு நடந்து போகலாம். அதுதான் வோக். எங்கள் ஆட்கள் ஒருவரும் வோக் எடுப்பதில்லை. கிரிக்கெட்டில் விலகிப்போகும் பந்தை விடத் தெரிந்தவர்களுக்கு இங்கே மட்டும் கை நிற்காது. நடந்து போவது மானக்கேடு என்று நினைத்தார்கள்.

"டொக்டர் எங்கள் எல்லாருக்கும் சீனி வருத்தத்துக்கு என்ன சொன்னவர்?" என்று முதல் பயிற்சியன்று கேட்டேன். "ஒவ்வொரு நாளும் வோக் போகச் சொன்னவர்தானே? அதைத்தான் நானும் சொல்லுறன்."

ஆனால் ஆள் வேண்டுமே. எங்களிடம் உருப்படியாக இருந்தது அந்த ஐந்து புள்ளிக்காரர், மூன்று புள்ளியில் ஒருவர், இரண்டு புள்ளியில் இருவர், பிறகு பஸ் அண்ணை. அவர் ஒரு புள்ளி. அந்த ஒன்றும் கமிற்றி பாவம் பார்த்துப் போட்டது.

ஆளுக்கு எங்கே போவது என்று யோசித்துக்கொண்டு விதிக் கடதாசியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். யார் யார் எந்த ஊருக்கு விளையாடலாம் என்று அதில் ஒரே ஒரு வரி: ‘ஊரவர், ஊரவரின் பிள்ளைகள்.’ நாலாம் முறை வாசிக்கும்போது கை நின்றது. ஊரவர். ஊரவன் என்று எழுதியிருந்தால் வாயை மூடிக்கொண்டு கடதாசியை மடித்திருப்பேன். மரியாதைக்கு ‘அர்’ போட்டு எழுதியிருக்கிறார்கள். ‘அர்’ போட்டால் அதில் ஆணும் வரும், பெண்ணும் வரும். அப்படியென்றால் தாயின் ஊருக்கும் பிள்ளை விளையாடலாம்!

எங்கள் ஊர் சின்ன ஊர்தான். ஆனால் பெண் கொடுக்காத ஊர் சுற்றுவட்டாரத்தில் கிடையாது. கணவரின் ஊருக்கே எத்தனை பேர் வாழ்க்கைப்பட்டுப் போயிருக்கிறோம். அந்த ஊர் அணியில் நாலு புள்ளிக்காரர் ஏழு பேர் இருந்தார்கள். இருபது புள்ளிக்குள் அவர்களில் மூன்று பேருக்குமேல் இறக்க முடியாது. மற்ற நாலு பேரும் சனிக்கிழமை முழுக்க வாங்கில் இருந்து பற்றிஸ் தின்றார்கள். அந்த நாலில் மூன்று பேரின் தாய்மார் எங்கள் ஊர். நான் எழும்பி நின்றுவிட்டேன்.

"என்ன, குளவி குத்திப்போட்டுதோ?" என்றார் கணவர்.

"இன்னும் இல்லை. உங்களுக்குத்தான் குத்தப் போகுது."

அதே கடதாசியின் அடியில் இன்னொரு வரியும் இருந்தது: ‘பெண்கள் விளையாடினால் அவர்களுக்குப் புள்ளி கணக்கிடப்படமாட்டாது.’ முதலில் வாசித்தபோது பத்திக்கொண்டு வந்தது. கமிற்றித் தலைவரிடம் போனிலேயே கேட்டேன், அதென்ன பெண்கள் என்றால் சைபரா என்று.

"சீ சீ, அப்பிடியில்லைப் பிள்ளை. ஒரு மரியாதைக்குத்தான். பொம்பிளைப் பிள்ளையளுக்கு நாங்கள் எப்பிடிப் புள்ளி போடுறது? தாய் தகப்பன் என்ன நினைப்பினம்?"

போனை வைத்த பிறகு கோபம் மெல்ல இறங்கியது, பேறோல் மூளை மெல்ல ஏறியது. சைபர் என்றால் இலவசம். பள்ளிக்கூட அணிகளில் விளையாடிய பெண் பிள்ளைகள் இந்த நகரத்தில் எத்தனை பேர்! ஒரு ஊரும் அவர்களைக் கேட்டதில்லை.

ஆள் பிடிக்கும் வேலையை வோபர்னில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் என் மச்சாளிடம் கொடுத்தேன். அவளும் எங்கள் ஊரிலிருந்து வேறு ஊருக்குப் போனவள். இடியப்பம் கட்டிக்கொண்டே தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை வைத்துப் பேசுவாள். அவளுக்குத் தெரியாத எங்கள் ஊர்ப் பெண் இந்த நகரத்தில் இல்லை.

"எடியே, உன்ர மூத்தவன் வாங்கில இருந்து பற்றிஸ் தின்னவோ வெயிலுக்குள்ள போறவன்? தாய் வழி ஊருக்கு வரச் சொல்லு. இஞ்ச வந்தால் விளையாடலாம். பற்றிஸ் வேணுமெண்டால் அதுவும் நான் தாறன்."

இரண்டு கிழமையில் நாலு புள்ளிக்காரர் மூன்று பேரும் வந்து சேர்ந்தார்கள். மச்சாள் தன் மகளையும் தந்தாள். தாதிமைக்குப் படிக்கிற பிள்ளை, பள்ளிக்கூடத்தில் நாலு வருடம் மட்டைக்குப் பின்னால் குந்தியிருந்து பந்து பிடித்தவள். அவளோடு படிக்கிற, தாய் எங்கள் ஊரான இன்னொரு பிள்ளையையும் கூட்டிவந்தாள்.

"வெயிற் அன்ரி, ஸீரோ பொயின்ற்ஸ்? ஆர் யு சீரியஸ்?" என்று கேட்டாள் மச்சாளின் மகள்.

"ஓம் பிள்ளை. மரியாதையாம்."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

மூன்று நாலு பன்னிரண்டு. இரண்டு பெண்கள் சைபர். மூன்று, இரண்டு, இரண்டு, பஸ் அண்ணையின் ஒன்று, எட்டு. எல்லாம் இருபது. ஒன்பது பேர், ஒரு புள்ளியும் மிச்சமில்லை. இப்படிப் பொருந்தி வரும்போது எனக்கு வரும் சந்தோசத்தைப் பேறோலில் இல்லாதவர்களுக்கு விளக்க முடியாது. ஆனால் இந்தக் கூட்டலில் ஐந்து புள்ளி ஏஜென்றுக்கு இடமில்லை. அவரிடம் சொல்லும் வேலையை பஸ் அண்ணை என் தலையில் கட்டினார்.

"தங்கச்சி, எனக்கு என்னைவிட்டால் வேற ஆரையும் ஏசத் தெரியாது. அவர்தானே ரீசேட்டும் அடிச்சுத் தந்தவர்."

அடித்துத் தந்தது உண்மை. முதுகில் இலக்கம் இருக்கவேண்டிய இடத்தில் அவருடைய முகமும் போன் நம்பரும். நான் நேரே போய்ச் சொன்னேன். அவர் நான் நினைத்ததுபோல் கொதிக்கவில்லை. கோடை சனிக்கிழமைகள்தான் வீடு விற்கிற நாட்கள் என்றும், வரமுடியவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது என்றும் சொன்னார். வாயைப் பார்த்து ஆளை எடைபோட்டுவிட்டோமே என்று எனக்கு ஒருமாதிரிப் போய்விட்டது. ரீசேட்டுகளை அப்படியே வைத்துக்கொண்டோம். விளையாடாமல் விட்ட வருடத்தில்தான் அவருக்கு விளம்பரம் கூடுதலாகக் கிடைத்தது.

ஏப்ரல் கடைசியில் பெயர்ப் பட்டியலைக் கமிற்றிக்குக் கொடுக்கவேண்டும். பதினாறு வரிசை போட்ட படிவம். ஊர், பெயர், புள்ளி. மேலதிக ஆட்களோடு பதினைந்து வரிசை நிரம்பியது. பதினாறாவது வெறுமையாகக் கிடந்தது. வெறும் வரிசை ஒன்று கிடந்தால் எனக்குக் கை சும்மா இருக்காது, அது தொழில் வியாதி. மேசையில் ஒருவரும் இல்லை. என் பெயரை எழுதினேன். புள்ளி சைபர். ஊர் என்ற பெட்டியில் எங்கள் ஊரின் பெயரைப் போட்டேன். இருபத்தாறு வருடமாக எந்தப் படிவத்திலும் நான் அந்தச் சொல்லை என் பெயருக்குப் பக்கத்தில் எழுதியதில்லை. படிவத்தை உறையில் போட்டு ஒட்டிவிட்டேன், ஒருவருக்கும் சொல்லவில்லை.

தாய் வழி ஆட்களைப் பார்த்ததும் கமிற்றியில் பெரிய சத்தம். தலைவர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"ஊரவர் எண்டால் ஆம்பிளையள் எண்டு நினைச்சுத்தானே பிள்ளை நாங்கள் எழுதினது?"

"நினைச்சதை எழுதேல்லையே அண்ணை. எழுதினதைத்தானே நான் வாசிக்கலாம்?"

அவர் கடதாசியைத் தூரப் பிடித்துப் பார்த்தார், கிட்டப் பிடித்துப் பார்த்தார். பிறகு அங்கே இருந்தவர்களை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். தாயின் ஊர் ஊரில்லை என்று வாய்திறந்து சொல்ல ஒருவருக்கும் துணிவு வரவில்லை. எல்லோருக்கும் வீட்டில் தாய் இருந்தாள், அல்லது மனுசி இருந்தாள்.

அந்தக் கோடையில் எங்கள் அணி நடந்தே முன்னேறியது. அழகான ஆட்டம் என்று சொல்லமாட்டேன். நாலு பந்தை விட்டு நடப்பது, பிறகு ஒரு நாலு புள்ளிக்காரன் மெல்ல ஒரு அடி, ஒரு ஓட்டம். எதிரணிக்காரர் "அடியுங்கோவன் அங்கிள், சும்மா நிக்கிறியள்!" என்று கத்துவார்கள். "நிறுத்தத்தில நிக்கிறது எனக்குப் பழக்கம் தம்பி," என்பார் பஸ் அண்ணை. மச்சாளின் மகள் குந்தியிருந்து பிடித்த பந்துகளைப் பார்க்க மற்ற ஊர் அன்ரிமாரும் கதிரையோடு வந்தார்கள். நாங்கள் வென்றோம், தோற்றோம், மறுபடி வென்றோம். ஆனால் மற்றவர்களும் சும்மா இருக்கவில்லை. கடைசிச் சனிக்கிழமை வந்தபோது கீழே இருந்த மூன்று அணிகளுக்கும் இடையில் மயிரிழை. அன்று வென்றால் தப்பலாம், சமமாக முடிந்தாலும் நாங்கள்தான் கடைசி.

ஆட்டம் கணவரின் ஊரோடு. காரில் போகும்போது அவர் பென்சில் சீவிக்கொண்டு வந்தார், நான் ஓட்டினேன்.

பூங்காவில் இறங்கினால் எட்டுப் பேர்தான் நிற்கிறார்கள். மச்சாளின் மகளுடைய கூட்டாளிப் பிள்ளை வரவில்லை. பெரியம்மாவின் மகள் பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியவீடு, தோழியாக நிற்கவேண்டுமாம். ஆறு மாதத்துக்கு முன்பே குறித்த நாள். பேஸ்போல் லீக் நடத்துகிற வேறெந்த இனத்துக்கும் இப்படி ஆள் குறையாது. மேலதிகப் பெண் பிள்ளைகளை அழைத்துப் பார்த்தோம். ஒருத்தி வேலையில், ஒருத்தி மொன்றியலில். ஏஜென்ற் ஓரத்தில் நின்றார், அன்று வீடு ஒன்றும் விற்பனைக்கு இல்லை. ஆனால் எட்டுப் பேருக்கே இருபது புள்ளி முடிந்திருந்தது. அவரை இறக்கினால் இருபத்தைந்து. ஒன்பது பேர் இல்லாவிட்டால் ஆடாமலே தோல்வி. விலையில்லாத ஒரு ஆள் வேண்டும்.

பஸ் அண்ணை பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு மேலிருந்து கீழே வந்தார். பதினாறாவது வரிசையில் நின்றார். தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எனக்குப் பூமிக்குள் போய்விடலாம்போல் இருந்தது.

"உது சரிவராது!" என்று எதிரணித் தலைவர் வந்தார். என் கணவரின் சங்கத்தில் எனக்கு இருபத்தாறு வருடமாகத் தெரிந்தவர். "அவ எங்கட ஊர் மருமகள். எங்கட புத்தகத்தில பேர் இருக்கு. அவ எப்பிடி உவைக்கு விளையாடுறது?"

கமிற்றித் தலைவருக்கு வியர்த்தது. அவர் ஸ்கோர் மேசையைப் பார்த்தார். அங்கே என் கணவர் பென்சிலைப் பிடித்தபடி இருந்தார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். நான் பார்க்கவில்லை, புல்லைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தன் ஊர் தோற்க அவர் ஏன் சொல்லவேண்டும்?

"பட்டியலில என்ன கிடக்கு?" என்று கேட்டார் அவர்.

"பேர் கிடக்கு. ஊரெண்ட இடத்தில அந்த ஊர் கிடக்கு."

"அப்ப சரிதானே. அவ அந்த ஊர்தான். நான்தான் அங்க போய்ப் பெண் எடுத்தனான், அவ ஊரை விட்டிட்டு வரேல்லை."

சொல்லிவிட்டு கொப்பியில் என் பெயரை எழுதினார். பிழை விடமாட்டார், பொய் எழுதமாட்டார் என்று சொன்னேனே. எனக்குக் கண் கலங்கிவிட்டது. நல்லவேளை, மச்சாளின் மகள் ஒரு தொப்பியைக் கொண்டுவந்து என் தலையில் கவிழ்த்தாள்.

என் ஆட்டத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. மைதானத்தின் வலதுகைப் பக்கக் கோடியில் நிறுத்தினார்கள், பந்து அந்தப் பக்கம் வரக்கூடாதென்று கும்பிட்டேன், வரவில்லை. மட்டை பிடிக்கப் போன முதல் இரண்டு முறையும் அசையாமல் நின்று மூன்று ஸ்ரைக் வாங்கி வந்தேன். பந்தெறிந்த பெடியன் கணவரின் தமையனுடைய மகன். ஒவ்வொரு ஸ்ரைக்குக்கும் "சொறி சித்தி" என்றான்.

கடைசிச் சுற்று, நாங்கள்தான் பின்னுக்கு மட்டை பிடிக்கிறோம், நாலுக்கு நாலு. எங்கள் ஆட்கள் மூன்று பேஸிலும் நிற்கிறார்கள், இரண்டு பேர் அவுட். என் முறை. எங்கள் பக்கத்தில் யாரோ "ஐயோ" என்றது காதில் விழுந்தது. பஸ் அண்ணையாகத்தான் இருக்கவேண்டும்.

மட்டையோடு போகும்போதுதான் ஒன்று பிடிபட்டது. முதல் இரண்டு முறையும் நான் பயத்தில் எட்ட நின்றிருந்தேன். பெடியன் நிம்மதியாக நடுவில் போட்டான். இப்போது பந்து தாண்டவேண்டிய தரைத் தட்டுக்கு எவ்வளவு கிட்டப் போகலாமோ அவ்வளவு கிட்டப் போய், முழங்கை வெளியே நீள நின்றேன். அவன் முகம் மாறியது. சித்தியின் கையில் பந்து பட்டால் அவன் தாய் அவனுக்கு வீட்டில் சோறு போடமாட்டாள், அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

முதல் பந்து தூர விலகிப் போனது. இரண்டாவதும் விலகியது. மூன்றாவது நடுவில் வந்தது, ஸ்ரைக். அடுத்தது மறுபடி விலகல். அதற்கடுத்ததைப் பல்லைக் கடித்துக்கொண்டு எறிந்தான், ஸ்ரைக். மூன்று பந்து விலகல், இரண்டு ஸ்ரைக். இன்னும் ஒன்றுதான்.

அப்போது எனக்கு அடிக்கவேண்டும்போல் வந்த ஆசையைச் சொல்லி முடியாது. கோடை முழுக்க ‘விடுங்கோ, விடுங்கோ’ என்று ஊருக்கு உபதேசம் செய்தவள் நான். எல்லோரும் ஏன் மட்டையைச் சுழற்றினார்கள் என்று அந்த நொடியில்தான் விளங்கியது. அத்தனை பேர் பார்க்கும்போது சும்மா நிற்பதுதான் உலகத்திலேயே கஷ்டமான வேலை. பந்து வந்தது. பெரிதாக, மஞ்சளாக, எனக்காகவே வருவதுபோல வந்தது. கையை இறுக்கிக்கொண்டேன். தட்டுக்குக் கிட்ட வந்ததும் மெல்ல வெளியே சரிந்து போய் மச்சாளின் மகளைப்போலவே குந்தியிருந்த எதிரணிப் பெடியனின் கையுறைக்குள் விழுந்தது.

"போல் ஃபோர்!" என்றார் நடுவர்.

எனக்கு விளங்கவில்லை. நின்றுகொண்டே இருந்தேன்.

"நட தங்கச்சி, நட!" என்று பஸ் அண்ணை கத்தினார். "வோக் போ!"

நடந்தேன். நான் முதலாம் பேஸுக்குப் போக, முன்னால் நின்ற எல்லோரும் ஒரு பேஸ் தள்ளப்பட்டார்கள், மூன்றாம் பேஸில் நின்ற மச்சாளின் மகளும் நடந்தே தட்டுக்கு வந்து வீடு சேர்ந்தாள். ஐந்துக்கு நாலு. மச்சாள் இடியப்பத் தட்டோடு மைதானத்துக்குள் ஓடிவந்தாள். பந்தெறிந்த பெடியன் என்னிடம் வந்து, "சித்தி, பட்டுதோ?" என்று கேட்டான். அவனைக் கட்டிப்பிடித்தேன், பாவம்.

திரும்பி வரும்போது கணவர் ஓட்டினார். 401 நெடுஞ்சாலையில் ஏறினோம்.

"நீர் மூண்டு தரத்தில ஒருக்காக்கூட மட்டையைத் தூக்கேல்லையே," என்றார்.

"சம்பளமில்லாத வேலைக்கு உவ்வளவும் காணும்."

அவர் சிரித்ததில் கார் அடுத்த லேனுக்குப் போகப் பார்த்தது.

அணி தப்பியது. அடுத்த ஏப்ரலில் கமிற்றி விதியைத் திருத்தியது. ‘ஊரவர்’ அப்படியே இருந்தது, அதைத் தொட ஒருவருக்கும் துணிவில்லை. ஆனால் மற்ற ஊர்களும் பெண் பிள்ளைகளைத் தேடத் தொடங்கிவிட்டதால், இனிப் பெண்களுக்கும் புள்ளி உண்டு. மச்சாளின் மகளுக்கு நாலு. எனக்கு ஒன்று.

ஒன்று! கடிதத்தைக் கணவருக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். பிறகு சாப்பாட்டு மேசையில் கடதாசிகளைப் பரப்பிக் கூட்டிப் பார்த்தேன். எப்படிக் கூட்டினாலும் ஒன்பதாவது ஆளுக்கு ஒரே ஒரு புள்ளிதான் மிஞ்சியது, அந்த விலையில் நானும் மேலதிகப் பிள்ளை ஒருத்தியும் இருந்தோம். ஒரு ஆளை வெட்டவேண்டும். அந்த விலைக்கு எந்த ஆள் செய்கிற வேலை போதாது என்பது பட்டியலில் தெளிவாகவே தெரிந்தது. பேறோலில் தாட்சண்யம் பார்க்கமுடியாது, வெட்டினேன். இந்த வருடம் நான் வாங்கில் இருந்து பற்றிஸ் தின்கிற ஆள். பெயரை மட்டும் எடுக்கவில்லை. பதினாறாவது வரிசையில் அது கிடக்கிறது, ஊர் என்ற பெட்டியில் எங்கள் ஊரோடு, புள்ளி என்ற பெட்டியில் ஒன்றோடு.